ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்

எவர்சில்வர் பாத்திரத் தொழிற்சாலையில் அவருக்கு எழுத்தண்ணன் என்று பெயர். கதை, கவிதை எழுதி வந்த பெயர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செய்தித்தாளையே தலைப்பு வரைக்கும்தான் படிப்பார். டம்ளர், டப்பா, தட்டு என்று எது வந்தாலும் அதன்மேல் பெயரோ பூவோ படமோ பொறிப்பது அவர் வேலை. முதல் பத்து வருஷம் கையில் பிடிக்கிற ஊசி மெஷினால் தட்டித் தட்டி எழுதினார். அப்புறம் லேசர் மெஷின் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் டம்ளரைப் படுக்கவைத்து மாட்டி மூடியை இறக்கினால் அது பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கும். வெளிச்சப் புள்ளி ஒன்று அதன்மேல் ஓடி ஓடிப் படம் போடும். இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை லட்சம் டம்ளர் அவர் கையில் ஏறி இறங்கியிருக்கும் என்று அவருக்கே தெரியாது. அத்தனையிலும் அவர் பார்த்தது வெளிப்பக்கத்தை மட்டும்தான். ஒன்றில்கூட ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை. அங்கே அதற்கு அவசியமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைத்துவிடுவது நல்லது. பிறகு அவரை மடையன் என்று திட்ட நினைப்பவர்கள் கொஞ்சம் யோசித்துத் திட்டலாம்.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தவள். வாத்தியார்கள் சண்டை போட்டால்கூடத் தலை நிமிராத சாது. ஆனால் பேய்க்கதை என்றால் அவளுக்கு உயிர். அதிலும் சில்லறைப் பேயெல்லாம் ஆகாது, பழைய காலத்து அசல் சரக்காக இருக்க வேண்டும். மலை உச்சியில் பாழடைந்த மாளிகை, பகலெல்லாம் சவப்பெட்டிக்குள் தூங்கிவிட்டு இருட்டியதும் ரத்தம் தேடிக் கிளம்புகிற சீமான், ஜன்னலில் வந்து முட்டுகிற வௌவால் எல்லாம் இருக்க வேண்டும். அட்டை கிழிந்த புத்தகங்களைப் பழைய கடைகளில் பொறுக்கிக்கொண்டு வந்து, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பாள். ஒரு நாளும் பயந்ததில்லை. சிரிப்பாள்.

“என்னங்க, இந்தச் சீமானுக்கு முந்நூறு வயசாம். ஒரு பல்லுகூட விழலையாம். உங்களுக்கு அம்பதுலயே ரெண்டு போயாச்சு” என்பாள்.

“நான் நாளெல்லாம் வேலை பார்க்கிறவன். அவன் பெட்டியில படுத்துக் கிடக்கிறவன்தானே” என்பார் இவர். இரண்டு பேருக்கும் இடையில் கொஞ்சல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. இந்த மாதிரிப் பேச்சுதான் அவர்களுக்குக் கொஞ்சல்.

நாற்பத்தொன்பது வயதில் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் என்றானது. கையில் இரண்டு ஊசி குத்தி, உடம்பிலிருக்கிற ரத்தத்தையெல்லாம் ஒரு மெஷின் உறிஞ்சும், சுத்தம் பண்ணித் திரும்ப அனுப்பும். முதல் நாள் எழுத்தண்ணன் வார்டுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார். உள்ளே இருந்து வந்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “எதுக்கு இப்படி நிக்கறீங்க? நம்ம சீமானே வந்துட்டான். என்ன, இவன் கொஞ்சம் நாணயமானவன். குடிச்சதைத் திருப்பிக் குடுத்துடறான்” என்றாள். அழுதுகொண்டிருந்த மனுஷன் சிரித்துத் தொலைத்தார்.

மெஷினைவிடத் தண்ணீர்தான் பெரிய பாடாக இருந்தது. உடம்பில் சேருகிற நீர் வெளியேற வழியில்லை. அளவு மீறினால் மூச்சு முட்டும், இதயம் தாங்காது. “ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி. தண்ணி, டீ, பால் எல்லாம் சேர்த்து. அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது” என்று டாக்டர் இவரைப் பார்த்துச் சொன்னார். பொறுப்பு யாரிடம் போகிறது என்று இவருக்கு அந்தப் பார்வையிலேயே புரிந்துவிட்டது. வார்டு சிஸ்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் அளவுக் குவளை ஒன்றைக் கையில் கொடுத்து, “இதுல அளந்து குடுங்க” என்றாள்.

அந்த மாதம்தான் தொழிற்சாலைக்கு ஒரு புது ஆர்டர் வந்திருந்தது. புத்தகக் கடைக்காரர் ஒருவருக்குப் பழைய திகில் கதைப் படம் போட்ட டம்ளர் வேண்டுமாம். சூடு, குளிர்ச்சி நிற்கிற மாதிரி இரட்டைச் சுவர் டம்ளராக வேண்டுமாம். என்ன படம் போடுவது என்று சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை, எழுத்தண்ணனுக்கும் தெரியவில்லை. ஆனால் யாரைக் கேட்க வேண்டும் என்று எழுத்தண்ணனுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து காகிதமும் பென்சிலுமாக அவள் முன்னால் உட்கார்ந்தார். இருபது நாளாகச் சுவரைப் பார்த்துக் கிடந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மாளிகை மேல இருக்கட்டும். ஒரே ஒரு ஜன்னல்ல விளக்கு. கீழே சவப்பெட்டி. மூடி கொஞ்சமா திறந்திருக்கணும், உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வெளிய வரணும். முகத்தைக் காட்டிடாதீங்க. முகம் தெரிஞ்சா பயம் போயிடும்” என்றாள். அவர் வரைந்த வௌவாலைப் பார்த்து, “இது காக்கா” என்று அடித்துவிட்டுத் தானே வரைந்து கொடுத்தாள்.

அந்த வரிசையில் மெஷினை விட்டு இறங்கிய முதல் டம்ளரை அவர் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சவப்பெட்டியிலிருந்து நீளும் கை டம்ளரின் விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தது. “இனிமே எனக்கு இதுலதான் தண்ணி” என்றாள். அவர் அடியைத் திருப்பிப் பார்த்தார். 400 என்று அச்சு இருந்தது. தொழிற்சாலையில் அந்த அளவுக்கு நானூறு என்றுதான் பெயர். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அப்படியானால் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர். கணக்கு கச்சிதமாக வந்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம். சிஸ்டர் கொடுத்த பிளாஸ்டிக் குவளை உறை பிரிக்காமல் மேல்தட்டுக்குப் போனது. அடுத்த முறை சிஸ்டர் கேட்டபோது, “எங்க கம்பெனி டம்ளர்ல அளவு தப்பாது சிஸ்டர்” என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

காலையில் ஒரு டம்ளர், பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு டம்ளர். விளிம்பு தட்ட நிரப்பி மூடிவைப்பார். டீ வேண்டுமென்றால் அந்த டம்ளரிலிருந்து எடுத்துத்தான் கொதிக்கவைக்க வேண்டும். மாத்திரை விழுங்குவதும் அதிலிருந்துதான். வாய் கொப்பளித்தால் துப்பிவிட்டாளா என்று பக்கத்தில் நின்று பார்ப்பார். அவளும் ஒரு வழி கண்டுபிடித்தாள். புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, ஒரு அத்தியாயம் முடித்தால் ஒரு வாய். கதையில் சிக்கல் முற்றுகிற இடங்களில் தாகத்தை மறந்து இரண்டு அத்தியாயம் ஓட்டிவிடுவாள். எழுத்தாளன் சரியில்லை என்றால் பாடு திண்டாட்டம்தான்.

கோடையில் ரொம்பத் தவித்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உதடு வெடிக்கும். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் எழுந்து வந்து நிற்பாள். அதனால் இவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளிக்குள் துணியைப் போட்டுச் சத்தம் வராமல் தண்ணீர் பிடித்தார்.

“ஒரு வாய் தாங்களேன். ஒரே ஒரு வாய்.”

“டம்ளர் முடிஞ்சுபோச்சும்மா.”

“நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. நான் குடிச்சதை நீங்க பார்க்கல.”

“நான் பார்க்கலைன்னா உன் நெஞ்சுக்குத் தெரியாதா? படுத்துக்க.”

ஒரு நாள் சொன்னாள். “அந்தச் சீமானை நாம தப்பா நினைச்சுட்டோம்ங்க. கெட்டவன் இல்ல அவன். பாவம், தாகம் அவனுக்கு.” எப்போதும் போல அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரைக் கல்நெஞ்சன் என்று சொல்ல முடியாது. அவள் முன்னால் அவர் தண்ணீர் குடித்ததில்லை. தொழிற்சாலையில்தான் வயிறு முட்டக் குடித்துக்கொள்வார். அவளைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருப்பது அந்த இரண்டு டம்ளர்தான் என்று உறுதியாக நம்பினார். மாதா மாதம் சிஸ்டர் எடை பார்த்துவிட்டு, “இந்த வார்டுலயே உங்க வீட்டம்மா அளவுக்குக் கட்டுப்பாடா யாரும் இல்ல” என்று புகழும்போது அவருக்கு உச்சி குளிரும். வழியெல்லாம் அதையே அவளிடம் சொல்லிக்கொண்டு வருவார். அவள் ஆட்டோவின் ஓரமாகச் சாய்ந்து, ரோட்டில் இளநீர்க்காரனையும் ஜூஸ் கடையையும் பார்த்துக்கொண்டு வருவாள்.

இப்படி இரண்டு வருஷம் நான்கு மாதம் ஓடியது.

அவர்களுக்கு ஒரே மகள். மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிக்கிற வேலை. அப்பாவுக்கு இரண்டாவது ஷிப்ட் வருகிற வாரங்களில் மகள் சீக்கிரம் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். அப்படி ஒரு நாள் லேசர் மெஷின் பழுதாகிவிட, எழுத்தண்ணன் ஐந்து மணிக்கே வீடு திரும்பினார். கதவு ஒருக்களித்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த மனைவி வேறு ஒரு சின்ன டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் சொம்புடன் நின்றாள். சவப்பெட்டி டம்ளர் காலியாக மேஜைமேல் இருந்தது.

அவர் அப்படிக் கத்தியதை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. டம்ளரைப் பிடுங்கினார். தண்ணீர் மெத்தையில் கொட்டியது. “நான் ரெண்டு வருஷமா நாயா காவல் காக்கறேன். நீ உங்கம்மாவைக் கொன்னுட்டுத்தான் ஓய்வியா?” என்றார். மகள் சொம்பைக் கீழே வைத்தாள். மனைவிதான், “அவளை ஏன் சொல்றீங்க, நான்தான் கேட்டேன்” என்று ஈர மெத்தையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

பதினோராவது நாள் காலையில், அன்றைக்கு முதல் டம்ளரை அவர் நிரப்பிக்கொண்டிருந்தபோது அவள் போய்விட்டாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இந்த நோயில் அப்படி நடப்பதுண்டு, யாரும் காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொல்லி என்ன ஆகிறது? மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் எதுவும் சொல்லவில்லைதான். ஏற்கெனவே சொன்னது போதாதா?

இரண்டு மாதத்தில் மகள் வேலைக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். கூட்டுவாள், துவைப்பாள், இரண்டு நாளைக்குச் சமைத்து வைப்பாள். அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டாள். வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்தாலும் சரி. “தண்ணி குடிம்மா” என்று ஒரு தடவை அவர் சொன்னதற்கு, “வேணாம்பா” என்று பாத்திரம் தேய்ப்பதைத் தொடர்ந்தாள். அதற்குமேல் அவரால் கேட்க முடியவில்லை.

மனைவி போய் ஒரு வருஷமான சமயத்தில் தொழிற்சாலைக்கு நாற்பது அட்டைப் பெட்டி திரும்பி வந்தது. பெட்டியோடு கேன்டீன் நடத்துகிற ஓர் அம்மாளும் வந்தார். நானூறு மில்லி டம்ளர் என்று போட்டிருக்கிறது, நானூறு மில்லி மோர் ஊற்றினால் வழிகிறது, வாடிக்கையாளர்கள் ஏமாற்றுகிறாய் என்கிறார்கள் என்று சத்தம் போட்டார். சூப்பர்வைசர் அவரைச் சமாதானப்படுத்த, இருப்பவர்களில் பழைய ஆள் என்று எழுத்தண்ணனைக் கூப்பிட்டார்.

“அண்ணே, நீங்களே சொல்லுங்க.”

“இது நானூறுதாம்மா. இருபத்தெட்டு வருஷமா பார்க்கறேன்” என்றார் எழுத்தண்ணன்.

அந்த அம்மாள் பையிலிருந்து அளவு ஜாடி ஒன்றை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். “நீங்களே ஊத்துங்க.”

அவர் ஜாடியில் நானூறு கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து டம்ளரில் ஊற்றினார். டம்ளர் நிரம்பி, வழிந்து, அவர் செருப்பை நனைத்தது. ஜாடியில் இன்னும் தண்ணீர் இருந்தது. ஜாடி தப்பு என்றார். வேறு ஜாடி வந்தது. மறுபடியும் வழிந்தது.

தகட்டை அச்சில் அழுத்தி டம்ளராக்குகிற பிரஸ் பிரிவு ஆள் எட்டிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். “இது ரெட்டைச் சுவர் இல்லையா எழுத்தண்ணே. வெளிச் சுவருக்குப் பழைய நானூறு அச்சையே போட்டுட்டோம். உள் சுவர் சின்னது, முந்நூத்தி இருபதுதான் பிடிக்கும். நானூறுங்கறது வெளி அச்சு நம்பர். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?”

“எப்பலேர்ந்து?”

“ரெட்டைச் சுவர் வந்த நாள்லேர்ந்து. அந்தப் பேய்ப் படம் போட்டோமே, அதுலேர்ந்து.”

பெட்டியில் ஸ்டிக்கர் மாற்றி ஒட்டித் தந்துவிடுகிறோம் என்று சூப்பர்வைசர் சொல்ல, கேன்டீன்காரம்மா ஒத்துக்கொண்டார். அவர்களுக்கு விஷயம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எழுத்தண்ணன் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அவர் டம்ளர் முதல் டம்ளர் ஆயிற்றே, மாதிரிக்குப் போட்டது, அது மட்டும் வேறு அளவாக இருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனார். மேல்தட்டிலிருந்து சிஸ்டரின் பிளாஸ்டிக் குவளையை எடுத்து உறையைப் பிரித்தார். மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் முந்நூற்று இருபதுதான்.

ஒரு டம்ளருக்கு எண்பது குறைவு. ஒரு நாளைக்கு நூற்றறுபது. டாக்டர் அவளுக்குக் கொடுத்த தண்ணீர் அது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் ஆறு வாய் வரும். ஒவ்வொரு நாளும் அந்த ஆறு வாயை அவர் அவளிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் தாங்களேன் என்று அவள் கெஞ்சியபோதெல்லாம் அவளுக்குச் சொந்தமான தண்ணீரைத்தான் கெஞ்சியிருக்கிறாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மனைவி செத்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. அன்றைக்கு, நம்மால் ஆனதைச் செய்தோம் என்ற ஒரு பிடிமானமாவது இருந்தது.

அழுது முடித்த பிறகு ஒரே ஒரு நினைப்பு அவரைத் தூக்கி நிறுத்தியது. மகள் கொடுத்திருக்கிறாள். தனக்குத் தெரியாமல், இரண்டாவது ஷிப்ட் வாரங்களிலெல்லாம், எத்தனையோ மாதமாகக் கொடுத்திருப்பாள். அவர் பிடுங்கியதை அந்தப் பெண் முதுகுக்குப் பின்னால் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பனுக்கு இல்லாத ஈவிரக்கம் அவளுக்கு இருந்திருக்கிறது. அதைப் போய்க் கொலை என்று சொல்லியிருக்கிறோமே என்று நினைத்தபோது அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஒரு வருஷமாக அந்தப் பெண் சுமக்கிற பாரத்தை இறக்கிவைக்க அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. அவள் அவரை வெறுத்தாலும் வெறுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரை அவரால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் மத்தியானமே இரண்டு பஸ் மாறி மகளின் அறைக்குப் போனார். அவள் சாப்பிட வந்திருந்தாள். வேலைக்குப் போகிற ஒருத்தி தனியாக இருக்கிற அறை. ஒரு கட்டில், கொடியில் இரண்டு உடுப்பு, ஜன்னலோரம் ஒரு தண்ணீர்ப் பானை. அப்பாவை அங்கே பார்த்ததும் அவள் பயந்துபோனாள்.

“என்னப்பா, உடம்புக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல. உக்காரு. ஒரு விஷயம் சொல்லணும்.”

எல்லாவற்றையும் சொன்னார். கேன்டீன்காரம்மா, ஜாடி, உள் சுவர், முந்நூற்று இருபது. எங்கேயும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கவில்லை. சிஸ்டரின் குவளையைத் தான் ஒதுக்கிவைத்ததையும் சொன்னார். மகள் தட்டில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அதனால, நீ குடுத்தது தப்பு இல்லம்மா. அவளுக்குச் சேர வேண்டியதைத்தான் நீ குடுத்தே. அதனால அவளுக்கு ஒண்ணும் ஆகலை. நான்தான் பாவி. உன்னைச் சொன்னதையெல்லாம் மறந்துடு.” அப்புறம் கேட்டார். “நீயாவது குடுத்தியே, அது போதும் எனக்கு. எத்தனை மாசமாம்மா குடுத்தே?”

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதிர்பார்த்த எதுவும் அவள் முகத்தில் வரவில்லை.

“மாசமா? ரெண்டு நாள்பா. மொத்தமே ரெண்டு நாள்தான். நீங்க பார்த்தது ரெண்டாவது நாள்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. “அப்புறம்?”

“அப்புறம் நீங்க அப்படிச் சொன்னீங்களே, அதுக்கப்புறம் எப்படிப்பா குடுப்பேன்? பயந்துட்டேன்.” அவள் குரல் உடையவில்லை, பதிவேட்டிலிருந்து வாசிப்பவளைப் போலச் சொன்னாள். “அம்மா கேட்டா. நீங்க ஷிப்டுக்குப் போனதும் கேட்பா. தினமும் கேட்டா. கதவைச் சாத்திட்டு வான்னு கூப்பிட்டுக் கேட்டா. நான் மாட்டேன்னுட்டேன். அப்பா சொல்லியிருக்காரு, ஒரு சொட்டு தர மாட்டேன்னு நானே சொன்னேன்.”

பாரத்தை இறக்கிவைக்க வந்தவர் இன்னொன்றைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டார். அதை இனி யாராலும் இறக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. மகளின் கையைப் பிடிக்கப் போனார். அது சோற்றுக் கை என்று அவள் இழுத்துக்கொண்டாள்.

“அம்மா நிறையக்கூடக் கேக்கலைப்பா” என்றாள். “ஒரு வாய்தான் கேட்டா.”